காத்துதான் கிளாம்ப்!

எவர்சில்வர் டம்ளரை வாயில் கவுத்து வெச்சு, உள்ளே இருக்கிற காத்தை ஒரே இழுப்பா இழுத்துட்டு, கையை விட்டுப் பார்த்திருக்கீங்களா? டம்ளர் கீழே விழாது. அப்படியே மூஞ்சியில தொங்கும். பிடுங்கினா உதட்டைச் சுத்தி செக்கச்செவேல்னு ஒரு வட்டம். எனக்கு அந்த வட்டம் ரெண்டு நாள் இருந்தது. ஸ்கூல்ல பட்ட அவமானம் அதுக்கும் மேல.

இந்த வார மேட்டர் அந்த டம்ளர்தான் பாஸ். என்ன, டம்ளர் கொஞ்சம் பெரிசு. ரெண்டு அடிக்கு ஒன்றரை அடி!

ஆவடியில் ஒரு தம்பி இருக்கான். மெக்கானிக்கல், மூணாவது வருஷம். வீட்டு மொட்டைமாடியில், தண்ணி டேங்குக்குப் பக்கத்துல ஒரு தகர ஷெட். அதுக்குள்ளே அவனே பூட்டின சி.என்.சி. ரூட்டர். (பி.காம். நண்பர்களுக்கு: கம்ப்யூட்டர் சொல்ற பாதையில ஓடி, பலகையைச் செதுக்குற, வெட்டுற மெஷின். நிமிஷத்துக்கு 18,000 சுத்து சுத்துற மோட்டார், அதன் நுனியில பென்சிலைவிட ஒல்லியா ஒரு பிட்.) வாசல் பெயர்ப்பலகை, பூஜை ரூம் கதவுக்கு ஜாலி வேலைன்னு செஞ்சு கொடுத்து, பாக்கெட் மணியை அவனே பார்த்துக்கிறான். சும்மா சொல்லக் கூடாது, ஃபினிஷிங் பிரமாதமா இருக்கும்.

ஒருநாள் ராத்திரி போன். "அண்ணா, 'ழ' பறந்துடுச்சுண்ணா!"

நேர்ல போய்ப் பார்த்தேன். 5 மி.மீ. அக்ரிலிக்கில் ஒரு வீட்டுப் பேர். ஒவ்வொரு எழுத்தும் 5 செ.மீ. உயரம். ஷீட்டோட நாலு மூலையிலயும் கிளாம்ப் போட்டு இறுக்கித்தான் வெட்டியிருக்கான். ஆனா யோசிச்சுப் பாருங்க. எழுத்தோட ஓரத்தை முழுசா ஒரு சுத்து வெட்டி முடிச்ச அந்த நொடியில, எழுத்துக்கும் ஷீட்டுக்கும் உறவு முடிஞ்சுபோச்சு. கிளாம்ப் ஷீட்டைப் பிடிச்சிருக்கு. எழுத்தை யாருமே பிடிக்கலை. சுத்திக்கிட்டிருந்த பிட் அதை ஒரு தட்டு தட்ட, 'ழ' போய்த் தகரத்துல மோதியிருக்கு. தகரத்துல பள்ளம். அந்தப் பள்ளம் இருக்கிற உயரத்தை நான் என் முகத்தோட வெச்சுப் பார்த்தேன். புருவம்.

"கண்ணாடி போட்டிருந்தியா?"

"வேர்க்குதுண்ணா..."

அவன் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரலை.

அடுத்ததா அவன் காட்டினதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். காயலான் கடையில வாங்கின பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர். ஒரு எம்.டி.எஃப். பலகை, அதுல கட்டம் கட்டமா காடி, நடுவுல ஒரு ஓட்டை. "இனிமே வாக்குவம் டேபிள்ண்ணா. கிளாம்பே வேணாம். எல்லாத்தையும் உறிஞ்சிப் பிடிச்சுக்கும்."

ஐடியா சூப்பர். ஆனா 'உறிஞ்சி' அப்படிங்கிற அந்த ஒரு வார்த்தையிலதான் தம்பி சறுக்கிட்டான்.

வெற்றிடம் எதையும் இழுக்காது. அதுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. நம்ம தலைக்கு மேல நிக்கிற காத்து மண்டலம் ஒவ்வொரு சதுர செ.மீ. மேலயும் சுமார் 1 கிலோ எடையில அழுத்திக்கிட்டே இருக்கு. பலகைக்கு மேலயும் அதே அழுத்தம், கீழயும் அதே அழுத்தம். அதனால நமக்குத் தெரியறதில்லை. கீழே இருக்கிற காத்தை எடுத்துட்டா, மேல இருக்கிறது மட்டும் மிச்சம். அதுதான் பலகையை டேபிளோட சேர்த்து அமுக்குது. 1650-களில் ஜெர்மனியில, மாக்டெபர்க் நகரத்து மேயர் ஓட்டோ ஃபான் கெரிக்கே, ரெண்டு செம்பு அரைக்கோளத்தைச் சேர்த்து வெச்சு உள்ளே இருந்த காத்தை எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுக்க விட்டார். பிரியவே இல்லை. அந்தக் கோளத்தோட விட்டம் அரை மீட்டர் அளவுதான். கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 2 டன் அழுத்தம். குதிரைகள் தோத்தது கெரிக்கேகிட்ட இல்லை, ஜெர்மனி மேல நின்ன காத்துகிட்ட.

(ஒரு சைடு மேட்டர்: இதே டேபிளை ஊட்டிக்குக் கொண்டுபோனா பிடி முக்கால்வாசிதான் இருக்கும். 2,240 மீட்டர் உயரத்துல தலைக்கு மேல காத்து கம்மி. நம்ம ஆவடி, அம்பத்தூர் எல்லாம் கடல் மட்டத்தை ஒட்டி. அந்த விஷயத்துல நாம லக்கி.)

ஆக, பிடி எவ்வளவுன்னு தெரியணும்னா ரெண்டே கேள்வி. எவ்வளவு பரப்பு? கீழே எவ்வளவு காத்தை எடுத்தீங்க? வீட்டு வாக்குவம் கிளீனரை அடைச்சுப் பிடிச்சா, காத்தழுத்தத்துல சுமாரா அஞ்சுல ஒரு பங்கைக் குறைக்கும். அதாவது சதுர செ.மீ.க்கு 0.2 கிலோ. கேவலமா தெரியுதா? 30-க்கு 30 செ.மீ. பலகையை வெச்சுப் பாருங்க. 900 சதுர செ.மீ. 180 கிலோ! ரெண்டு மூணு ஆள் மேல ஏறி நிக்கிற மாதிரி.

இதுல ஒரு பிடி இருக்கு. அந்த 180 கிலோ கீழ்நோக்கி. பிட் தள்றது பக்கவாட்டுல. பக்கவாட்டுல தாங்கறது உராய்வு மட்டும்தான். பலகைக்கும் டேபிளுக்கும் நடுவுல அது நாலுல ஒரு பங்குன்னு வெச்சுக்கோங்க. 45 கிலோ. 3 மி.மீ. பிட்டுக்கு அது தாராளம்.

இப்போ 'ழ'வுக்கு வாங்க. 5 செ.மீ. உயர எழுத்து, சுழிச்சு வளைஞ்சு எழுதினது. நிஜமான பரப்பு 10 சதுர செ.மீ. தேறினா அதிகம். 10 பெருக்கல் 0.2... 2 கிலோ. உராய்வு போக அரைக் கிலோ. ஒரு பாக்கெட் பால் எடை! அதை வெச்சு 18,000 சுத்துல ஓடற பிட்டை எதிர்த்து நிக்கணும்.

"அப்போ ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர்தான் பவர்ஃபுல் ஆச்சேண்ணா?" நியாயமான கேள்வி. மீட்டரை மாட்டினோம். பைப் வாயை உள்ளங்கையால பொத்தினா முள் 25 அங்குலம் பாதரசத்துக்குப் போய் நின்னுச்சு. முழு வெற்றிடமே 30-க்குப் பக்கம்தான். தம்பி முகத்துல ஆயிரம் வாட்ஸ். அப்புறம் பைப்பை டேபிளோட சேர்த்து, மேல ஒரு ஷீட்டை வெச்சோம். முள் 2. சுண்டு விரலால தள்ளினா ஷீட் நகருது.

பம்ப் கெட்டுப்போகலை. டேபிள் முழுக்க ஓட்டை. எம்.டி.எஃப்.ங்கிறது மரநாரை அமுக்கிச் செஞ்ச பலகை. மேல் தோல் கெட்டி, உள்ளே ஸ்பாஞ்ச். தம்பி காடி வெட்டினப்போ அந்தத் தோலைக் கிழிச்சுட்டான். பக்கவாட்டு ஓரமும் திறந்தே இருக்கு. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் ஆழமா காத்தை எடுக்கும். ஆனா நிமிஷத்துக்கு இருபது லிட்டர் எடுத்தாலே பெரிசு. ஒரே ஒரு 3 மி.மீ. ஓட்டை வழியா, உள்ளே வெற்றிடம் இருந்தா, நிமிஷத்துக்கு 60, 70 லிட்டர் காத்து புகுந்துடும். நீங்க டம்ளர்ல மொண்டு ஊத்துறீங்க, வீட்டுக்குள்ள ஏரி உடைச்சுக்கிட்டு வருது.

வாக்குவம் கிளீனர் நேர் எதிர். ஆழமா எடுக்காது, ஆனா நிமிஷத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல அள்ளும். கொஞ்சம் கசிஞ்சாலும் கவலைப்படாது. அதனால 'எந்த பம்ப் வாங்கலாம்?'னு கேக்கிறதுக்கு முன்னாடி 'என் டேபிள் எவ்வளவு கசியும்?'னு கேளுங்க. கசியாத டேபிளுக்குச் சின்ன, ஆழமான பம்ப். கசியற டேபிளுக்குப் பெரிய, மேலோட்டமான பம்ப். ஏசி மெக்கானிக் தோள்ல தூக்கிட்டு வர்ற வாக்குவம் பம்ப் முதல் ஜாதி. அதை நாள் முழுக்கக் கசியற டேபிள்ல ஓட்டினா எண்ணெயைப் புகையாக் கக்கும். பட்டறைகள்ல இருக்கிற ரிங் புளோயர் ரெண்டாம் ஜாதி. எத்தனை மணி நேரம் வேணா ஓடும்.

வாக்குவம் கிளீனர் வாங்கறவங்களுக்கு ஒரு வார்னிங். சாதாரண கிளீனர்ல, உறிஞ்சற காத்தேதான் மோட்டாரைக் குளிர வைக்கும். டேபிள் நல்லா அடைச்சிருந்தா காத்து ஓடாது, மோட்டார் வெந்துடும். டேபிளை எவ்வளவு நல்லா செய்றீங்களோ அவ்வளவு சீக்கிரம் கிளீனர் சாகும்! தண்ணியையும் உறிஞ்சற மாடல் இருக்கே, அதுல மோட்டாருக்குத் தனிக் காத்து. அதை எடுங்க. இல்லைன்னா பைப்புல ஒரு சின்ன கசிவை வேணும்னே விட்டு வைங்க.

தம்பியும் நானும் டேபிளை மறுபடி செஞ்சோம். இந்த முறை நல்ல வாட்டர்ப்ரூஃப் பிளைவுட், 18 மி.மீ. ஏன்னா நவம்பர் மழைக்கு நம்ம ஊர் எம்.டி.எஃப். ஊறின பன்னு மாதிரி ஆயிடும். தகர ஷெட்டுன்னா கேக்கவே வேணாம். மெஷின்லயே மாட்டி, அந்த மெஷினாலயே மேல்பரப்பை ஒரு சீவு சீவினோம். அப்போதான் டேபிள் பிட்டுக்குச் சமதளமா இருக்கும். அப்புறம் 25 மி.மீ. இடைவெளியில காடி, 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம். குறுக்கும் நெடுக்குமா, கோலத்துக்குப் புள்ளி வெச்சுக் கட்டம் போட்ட மாதிரி. காடி எதுக்குன்னா, நடு ஓட்டையில எடுக்கிற வெற்றிடம் டேபிள் முழுக்கப் பரவறதுக்கு. அதுக்கப்புறம் வார்னிஷ் மூணு கோட்டு. காடிக்குள்ள, ஓரத்துல, அடியில. இதுல சோம்பேறித்தனப்பட்டா மொத்த வேலையும் வேஸ்ட்.

ஷீட் எவ்வளவு பெரிசோ, அந்த அளவுக்குக் காடிக்குள்ள ரப்பர் கயிறு ஓட்டி ஒரு வேலி போடணும். காடியைவிட ஒரு மி.மீ. மேல துருத்திக்கிட்டு இருக்கணும். ஷீட் அமுங்கும்போது அதுவும் அமுங்கி அடைச்சுக்கும். முதல்ல சைக்கிள் வால்வ் டியூப்பைப் போட்டுப் பார்த்தோம். 1949-இல் தொடங்கின டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூர்ல இருக்க, பக்கத்து ஊர்க்காரன் வேற எதைத் தேடுவான்? ஒரு வாரம் நல்லா உழைச்சுது, அப்புறம் நசுங்கிப் போச்சு. கடைசியில ஓ-ரிங் செய்யற ரப்பர் கயிறை மீட்டர் கணக்குல வாங்கினோம்.

கசிவைக் கண்டுபிடிக்க என்ன செஞ்சோம் தெரியுமா? ஊதுபத்தி. டயர் பஞ்சர் பார்க்கிற சோப்பு நுரை இங்கே உதவாது. காத்து வெளியே வரலை, உள்ளே போகுதே. ஊதுபத்தியைக் கொளுத்தி ஓரமா மெதுவா நகர்த்தினா, கசிவு இருக்கிற இடத்துல புகை சட்டுனு வளைஞ்சு உள்ளே ஓடும். எட்டு இடம் கிடைச்சுது. மாடிக்கு வந்த தம்பியோட அம்மா, "மெஷினுக்குப் பூஜையா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

முள் 2-ல இருந்து 22-க்கு ஏறிச்சு. அதே கம்ப்ரஸர். ஷீட்டை நான் ரெண்டு கையால தள்ளியும் நகரலை. தம்பி ஆட ஆரம்பிச்சுட்டான். உடனே "இப்போ 'ழ' வெட்டலாமாண்ணா?"

வேணாம்னு சொன்னேன்.

ஏன்னா, எழுத்தை வெட்டி முடிக்கும்போது பிட் ஷீட்டைத் தாண்டிக் கீழே இறங்கும். வெட்டின தடம் முழுக்க இப்போ ஓட்டை. காத்து புகுந்துடும். 22-ல நின்ன முள் அந்த நிமிஷமே கீழே விழும். அதாவது, உங்களுக்குப் பிடி ரொம்பத் தேவைப்படற அந்தக் கடைசி நொடியில பிடி இருக்காது. ஜாலி வேலையும் இதே கதைதான். ஒவ்வொரு ஓட்டை விழும்போதும் பரப்பு குறையுது, கசிவு கூடுது. ஆரம்பத்துல மலை மாதிரி நிக்கிற ஷீட், முடியற நேரத்துல தட்டாம்பூச்சி. எவ்வளவு நல்ல டேபிளா இருந்தாலும், அந்த 'ழ' அன்னிக்கும் பறந்துதான் இருக்கும்.

அதனால என்ன செய்யணும்? முழுசா வெட்டாதீங்க. அடியில 0.3 மி.மீ. தோல் விட்டு நிறுத்துங்க. வெங்காயத் தோல் மாதிரி. காத்தும் புகாது, எழுத்தும் நகராது. டேபிள்ல இருந்து எடுத்தப்புறம் கத்தியால கீறி, உப்புத்தாள் போட்டாப் போதும். இல்லைன்னா எழுத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவுல அங்கங்கே சின்னப் பாலம் விடுங்க. சாஃப்ட்வேர்ல 'டேப்'னு ஒரு ஆப்ஷன் இருக்கும். அப்புறம், மேல்நோக்கித் தூளை இழுக்கிற பிட் வேலையையும் சேர்த்து மேலே தூக்கும். கீழ்நோக்கி அமுக்கற பிட் கிடைக்குது, மெல்லிசான ஷீட்டுக்கு அதைப் போடுங்க. சின்னச் சின்ன துண்டா முதல்ல வெட்டுங்க, ஷீட் முழுசா இருக்கும்போதே. வெளி ஓரம் கடைசியில. அப்படியும் பாக்கு அளவுல ஒரு துண்டு வெட்டணும்னா வாக்குவத்தை மறந்துட்டு ரெண்டு பக்கம் ஒட்டற டேப்பைப் போடுங்க. அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லை.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்து எக்ஸ்பிரஸ் ரயில்கள்ல வாக்குவம் பிரேக். ரயில் நீளத்துக்கும் ஒரு பைப்; அதுல வெற்றிடம் இருக்கிற வரைக்கும் பிரேக் விட்டிருக்கும். நீங்க செயினை இழுத்தா பைப்புக்குள்ள காத்து புகும், பிரேக் பிடிக்கும். பைப் உடைஞ்சாலும் அதேதான். கசிஞ்சா வண்டி நிக்கும். நம்ம டேபிள் தலைகீழ். கசிஞ்சா வண்டி ஓடிக்கிட்டே இருக்கும், ஷீட்தான் பறக்கும். அந்த ரயில் இன்ஜினியர்கள் யோசிச்ச மாதிரி நாமளும் யோசிக்கணும். பைப்புல ஒரு வாக்குவம் ஸ்விட்ச் மாட்டி, எமர்ஜென்சி பட்டன் போற வயர்லயே சேர்த்துட்டோம். முள் 15-க்குக் கீழே போனா மெஷின் நின்னுடும். மாட்டின முதல் வாரத்துல அது நாலு தடவை நிறுத்திச்சு. தம்பிக்குச் செம கடுப்பு. நாலு தடவையும் ரப்பர் கயிறு விலகியிருந்தது.

கரன்ட்டும் இருக்கே! 2012-இல் சென்னையில தினம் 2 மணி நேரம் அறிவிச்சே கட் பண்ணினாங்க. வெளி மாவட்டங்கள் பட்ட பாடு உங்க அண்ணன்களைக் கேளுங்க. இப்போ அந்த அளவுக்கு இல்லை. ஆனா மழைக்காலத்துல ஒரு நிமிஷம் போய்ட்டு வர்றது இருக்கே, அது போதும். கரன்ட் போனதும் பம்ப் நிக்கும். பிட் சுத்திக்கிட்டே அடங்கும். அதுக்குள்ள பிடி போயிடக் கூடாதுன்னா பைப்புல ஒருவழி வால்வும், ஒரு சின்ன காலி டேங்க்கும் வைங்க. வெற்றிடம் சில நிமிஷம் சேமிப்புல இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, கரன்ட் திரும்பி வர்றது. நீங்க குனிஞ்சு ஷீட்டைப் பார்த்துக்கிட்டிருக்கும்போது ஸ்பிண்டில் தானா சுத்த ஆரம்பிச்சா? கிணத்து மோட்டாருக்கு மாட்டியிருப்பாங்களே, பச்சை சிவப்பு பட்டன் வெச்ச ஸ்டார்டர். கரன்ட் போனா அதுவே விட்டுடும், மறுபடி பச்சையை அமுக்கினாத்தான் ஓடும். அதை வாங்கி மாட்டுங்க. பெரிய டெக்னாலஜி எல்லாம் இல்லை. உங்க தாத்தா தோட்டத்துல இருந்திருக்கும்.

இதையெல்லாம் படிச்சுட்டு நேரா காயலான் கடைக்கு ஓடாதீங்க. முதல்ல ஒரு நல்ல வாக்குவம் டேபிள் வேலை செய்றதைக் கண்ணால பாருங்க. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்துலயே இருக்கு. ஏதாவது ஒரு பட்டறையில போய் "சார், காலேஜ் பிராஜெக்ட்"னு கேட்டா, டீ டைம்ல காட்டறவங்க நிறைய. அங்கே இருக்கிற உற்பத்தியாளர் சங்கம் 'அய்மா', ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல 'ஆக்மி'ன்னு மெஷின் கண்காட்சி நடத்துது. போனீங்கன்னா ஸ்டால்ல பளபளன்னு ஓடற மெஷினை மட்டும் பார்க்காதீங்க. குனிஞ்சு அடியில பாருங்க. பைப் எங்கே போகுது, மீட்டர் எங்கே இருக்கு, முள் எதுல நிக்குது.

தம்பி 'ழ'வை மறுபடி வெட்டினான். தோல் விட்டு, கீழ்நோக்கிப் பிட் போட்டு. கண்ணாடியும் போட்டிருந்தான், நான் பக்கத்துல நின்னதால. நகரலை. பேர்ப்பலகை இப்போ திருமுல்லைவாயில்ல ஒரு வீட்டு கேட்ல இருக்கு. தகரத்துல இருக்கிற பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தலாமான்னு கேட்டான். அது அப்படியே இருக்கட்டும்னு சொன்னேன். அதுக்கு நேர் கீழே இப்போ ஒரு ஆணி, ஆணியில கண்ணாடி தொங்குது.

அடுத்த வாரம்: இந்த மெஷின் கிளப்பற தூசி. மரத்தூசியைப் புற்றுநோய்க் காரணிகள் பட்டியல்ல 1995-லயே சேர்த்துட்டாங்க. பிடிக்கிற கிளீனரும் தூசி அள்ற கிளீனரும் ஏன் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு பார்க்கலாம். அதுவரைக்கும் ஒரு துணியையாவது மூக்குல கட்டிக்கோங்க!